கப்பலைக் கடத்திய ராபர்ட்!

1862-ம் வருஷம், மே 13. அதிகாலை மூணு மணி இருக்கும். அமெரிக்காவின் தெற்கு கரோலினா மாநிலம், சார்ல்ஸ்டன் துறைமுகம். 'பிளான்ட்டர்' என்ற நீராவிக் கப்பல் மெதுவாக நகர ஆரம்பிக்கிறது. கேப்டன் வழக்கமாக நிற்கிற இடத்தில், அவருடைய அகலமான வைக்கோல் தொப்பியை மாட்டிக்கொண்டு, அவரை மாதிரியே ஒருத்தர் நிற்கிறார். ஆனால், அவர் கேப்டன் இல்லை! ஒரிஜினல் கேப்டனும் மற்ற வெள்ளைக்கார அதிகாரிகளும், 'ராத்திரி கப்பலை விட்டு இறங்கக் கூடாது' என்ற ஆர்டரைக் காற்றில் விட்டுவிட்டு, கரையில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு இருக்கிறார்கள்.

தொப்பிக்குக் கீழே இருந்தவர் ராபர்ட் ஸ்மால்ஸ். வயசு 23. கப்பலின் சுக்கானைப் பிடிக்கிறவர். பார்த்தது என்னவோ பைலட் வேலைதான். ஆனால், அந்தப் பட்டத்தைக் கறுப்பினத்தவருக்குக் கொடுக்க மாட்டார்கள் என்பதால் வெறும் 'வீல்மேன்'. சம்பளத்தில் பெரும்பகுதி முதலாளிக்குப் போய்விடும். ஏன்னா, ராபர்ட் ஒரு அடிமை. பிறந்த நாளிலிருந்தே.

வழியில் இன்னொரு துறையில் கப்பலை ஒதுக்கி, அங்கே பதுங்கியிருந்த மனைவி ஹன்னாவையும் குழந்தைகளையும், கப்பலில் வேலை பார்த்த மற்ற அடிமைகளின் குடும்பங்களையும் ஏற்றிக்கொள்கிறார். மாட்டினால் யாரும் உயிரோடு பிடிபடக் கூடாது, கப்பலோடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது முன்கூட்டியே பேசி வைத்த முடிவு. துறைமுகத்தைச் சுற்றி வரிசையாகக் கோட்டைகள், பீரங்கிகள். ஒவ்வொரு கோட்டை வரும்போதும் அதற்கான விசில் சிக்னலைக் கரெக்டாகக் கொடுக்கிறார் ராபர்ட். அரையிருட்டில், தொப்பியைப் பார்த்து 'நம்ம கேப்டன்தான்' என்று விட்டுவிடுகிறார்கள். கடைசியாக சம்டர் கோட்டை. அதையும் தாண்டியதும் கப்பல் வேகம் எடுக்கிறது. தெற்கின் கொடி இறங்குகிறது. ஹோட்டலில் வேலை பார்த்த ஹன்னா கொண்டுவந்திருந்த படுக்கை விரிப்பு, வெள்ளைக் கொடியாக மேலே ஏறுகிறது. எதிரே முற்றுகையிட்டு நின்ற வடக்குக் கடற்படைக் கப்பல் ஒன்று, சுடத் தயாரான நேரத்தில் அந்த விரிப்பைப் பார்த்து நிறுத்தியது. கப்பல், பீரங்கிகள், சங்கேதக் குறிப்புகள் எல்லாவற்றையும் வடக்குப் படையிடம் ஒப்படைத்தார் ராபர்ட்.

'செம சினிமாவா இருக்கே'னு தோணுதா? இதுக்கு முன்னாடி மனுஷன் நேர்வழியிலும் முயற்சி பண்ணியிருக்கார். மனைவியையும் மகளையும் அவர்களுடைய முதலாளியிடமிருந்து விலைக்கு வாங்கப் பேரம் பேசினார். விலை 800 டாலர். கையில் இருந்த சேமிப்பு சுமார் 100 டாலர். பாக்கி 700 டாலரைச் சேர்த்து முடிப்பதற்குள் முதலாளி மனசு மாறி இருவரையும் வேறு யாருக்காவது விற்றுவிட்டால்? கேட்க நாதி இல்லை. தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. அதுதான் சட்டம்.

சட்டம்! இந்தக் கதையில் துப்பாக்கியைவிட அதிகமாக வருகிற வில்லன் இதுதான். எழுதியவர்கள் ரொம்பப் படித்தவர்கள்.

அந்த ஒரு வார்த்தை மட்டும் மிஸ்ஸிங்!

அமெரிக்காவின் அரசியல் சட்டம் 1787-ல் எழுதப்பட்டது. அதில் 'அடிமை' என்ற வார்த்தையைத் தேடினால் கிடைக்காது. ஆனால், விஷயம் எல்லாம் உள்ளே இருக்கும். 'மற்ற நபர்கள்' என்று நாசூக்காக எழுதி, ஒரு மாநிலத்துக்கு எத்தனை எம்.பி. என்று மக்கள்தொகையை வைத்து கணக்குப் போடும்போது அவர்களை ஐந்தில் மூன்று பங்காகச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அதாவது 5 அடிமைகள் இருந்தால் 3 ஆள் கணக்கு. ஓட்டுப் போட முடியாதவர்களை வைத்து, அவர்களுடைய முதலாளிகளுக்கு எக்ஸ்ட்ரா சீட்! தப்பி ஓடியவரைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்றும் ஒரு வரி இருந்தது. வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வதை 1808 வரைக்கும் தடை செய்யக் கூடாது என்று இன்னொரு வரி.

இதை எழுதியவர்களில் பலர், அடிமை முறை காலப்போக்கில் தானாகவே தேய்ந்து போய்விடும் என்று நம்பினார்கள். அப்போதுதான் என்ட்ரி கொடுத்தது ஒரு மெஷின். மெக்கானிக்கல் பசங்க கொஞ்சம் காதைக் கொடுங்க.

அமெரிக்காவின் உள்பகுதியில் விளைந்த பருத்தியில் விதை பஞ்சோடு ஒட்டிக்கொண்டு வரவே வராது. ஒரு ஆள் நாள் முழுக்க உட்கார்ந்து கையால் பிரித்தால் ஒரு பவுண்டு பஞ்சு தேறினாலே பெரிய விஷயம். எலி விட்னி என்பவர் 1793-ல் ஒரு மெஷினைச் செய்தார். சுழலும் மர உருளையில் கம்பிப் பற்கள். எதிரே குறுகலான இடுக்குகள் உள்ள தட்டி. பற்கள் பஞ்சைப் பிடித்து இடுக்கு வழியாக இழுக்கும், விதை நுழைய முடியாமல் இந்தப் பக்கமே விழுந்துவிடும். பின்னால் ஒரு பிரஷ் உருளை சுழன்று பற்களில் சிக்கிய பஞ்சைத் தட்டிவிடும். ஒரு நாளைக்கு 50 பவுண்டு! 'என்ஜின்' என்பதைச் சுருக்கி 'ஜின்' என்றார்கள். நம்ம ஊர் ஜின்னிங் ஃபேக்டரிக்குப் பெயர் வந்ததும் அங்கிருந்துதான்.

வேலையைக் குறைக்கும் மெஷின் வந்தால் ஆள் தேவை குறையும்னுதானே நமக்குப் பாடம் நடத்துறாங்க? இங்கே அப்படியே உல்டா. விதை பிரிப்பது ஈஸியானதும் எவ்வளவு பருத்தி விளைந்தாலும் காசாக்கலாம் என்று ஆகிவிட்டது. விதைக்க, களையெடுக்க, வெயிலில் நின்று பறிக்க மெஷின் கிடையாது. அதற்கு ஆள்கள் வேண்டும், அதுவும் சம்பளம் கேட்காத ஆள்கள். 1790-ல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகள், 1860-ல் 39 லட்சத்தைத் தாண்டினார்கள். அமெரிக்காவின் மொத்த ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் பருத்தி மட்டுமே. அடிமைகளின் 'சந்தை மதிப்பு' 300 கோடி டாலருக்கும் மேல். நாட்டில் இருந்த ரயில்வேயையும் தொழிற்சாலைகளையும் சேர்த்தால்கூட அந்தத் தொகை வராது.

வெளியிலிருந்து இறக்குமதி 1808-ல் நின்றுபோனதும், உள்நாட்டு வியாபாரம் சூடு பிடித்தது. வர்ஜீனியா போன்ற பழைய மாநிலங்களிலிருந்து மிசிசிப்பி, அலபாமா பக்கத்துப் பருத்திக் காடுகளுக்குச் சுமார் 10 லட்சம் பேர் கொண்டுபோகப்பட்டார்கள். பாதிக்கு மேல் விற்கப்பட்டவர்கள். அம்மா ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம்.

பத்து டாலரா, அஞ்சு டாலரா?

சண்டை எங்கே முற்றியது? புதிய நிலங்களில். மேற்கே நாடு விரிய விரிய, புதுசாக உருவாகும் மாநிலத்தில் அடிமை முறை உண்டா, இல்லையா என்ற கேள்வி வந்துகொண்டே இருந்தது. செனட்டில் இரண்டு தரப்பும் சரிசமமாக இருக்க வேண்டும் என்று தெற்கு பிடிவாதம் பிடித்தது. 1820-ல் மேப்பில் ஒரு கோடு போட்டு சமாதானம் பேசினார்கள். மெக்சிகோவோடு நடந்த போரில் பெரிய நிலப்பரப்பு கைக்கு வந்ததும், 1850-ல் திரும்பவும் ஒரு சமாதானம்.

அந்த 1850 ஒப்பந்தத்தில் ஒரு சட்டம், தப்பி ஓடிய அடிமைகளைப் பற்றியது. வடக்கு மாநிலத்துக்குத் தப்பி வந்தவரைப் பிடித்துக் கொண்டுவந்தால், கமிஷனர் ஒருவர் விசாரிப்பார். பிடிபட்டவர் தன் தரப்பைச் சொல்லக்கூட உரிமை இல்லை. 'இவர் அடிமைதான்' என்று கமிஷனர் தீர்ப்பு எழுதினால் அவருக்கு ஃபீஸ் 10 டாலர். 'இல்லை, விடுதலை' என்று எழுதினால் 5 டாலர்! காகித வேலை அதிகம் என்று காரணம் சொன்னார்களாம். ஊர் சிரிக்காமல் இருக்குமா?

இந்தச் சட்டம்தான் வடக்கில் சும்மா இருந்தவர்களையும் உசுப்பிவிட்டது. அதுவரை 'அது தெற்குக்காரங்க பிரச்னை' என்று ஒதுங்கியிருந்தவர்களின் தெருவிலேயே, பக்கத்து வீட்டுக்காரரைச் சங்கிலி போட்டு இழுத்துப் போனார்கள். பிடிக்க உதவி செய்யாவிட்டால் பார்த்துக்கொண்டு நின்றவருக்கும் தண்டனை. 1852-ல் ஹேரியட் பீச்சர் ஸ்டோவ் எழுதிய 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாவல் ஒரே வருஷத்தில் அமெரிக்காவில் 3 லட்சம் பிரதிகள் விற்றது என்றால், கோபம் எந்த அளவுக்கு இருந்திருக்கும் பாருங்கள்.

அப்புறம் எல்லாமே ஃபாஸ்ட் ஃபார்வர்டு. 1854-ல் பழைய கோட்டை அழித்துவிட்டு 'அந்தந்த ஊர் மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும்' என்றார்கள். கன்சாஸில் இரண்டு தரப்பும் ஆள்களை இறக்கி வெட்டு, குத்து. 1856-ல் செனட் சபைக்குள்ளேயே, அடிமை முறையைத் திட்டிப் பேசிய சார்லஸ் சம்னரை, தெற்கு கரோலினா எம்.பி. பிரெஸ்டன் புரூக்ஸ் கைத்தடியால் மண்டை உடையும்வரை அடித்தார். சம்னர் முழுசாகக் குணமாகி சபைக்குத் திரும்ப ஏறக்குறைய மூணு வருஷம் ஆனது. புரூக்ஸுக்கு? அவருடைய ரசிகர்கள் புதுக் கைத்தடிகளைப் பரிசாக அனுப்பினார்கள்! 1857-ல் டிரெட் ஸ்காட் என்ற அடிமை தொடுத்த வழக்கில், கறுப்பினத்தவர் இந்த நாட்டின் குடிமக்களே ஆக முடியாது என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. 1859-ல் ஜான் பிரவுன் என்ற வெள்ளைக்காரர் ஆயுதக் கிடங்கைப் பிடித்து அடிமைகளைத் திரட்டப் பார்த்தார், தூக்கில் போட்டார்கள்.

1860 தேர்தலில் லிங்கன் ஜெயித்தார். அவர் சொன்னதெல்லாம் 'புதிய பகுதிகளுக்கு அடிமை முறை பரவக் கூடாது' என்பதுதான். இருக்கும் இடத்தில் கை வைக்க மாட்டேன் என்றும் சொன்னார். தெற்கு நம்பவில்லை. டிசம்பர் 20-ம் தேதி தெற்கு கரோலினா முதல் ஆளாகப் பிரிந்தது. அடுத்தடுத்து ஆறு மாநிலங்கள். 1861 ஏப்ரல் 12-ல் சம்டர் கோட்டையின் மீது குண்டு விழுந்து போர் ஆரம்பித்ததும் இன்னும் நாலு.

போருக்குக் காரணம் அடிமை முறை இல்லை, மாநில உரிமைதான் என்று இன்றைக்கும் வாதாடுகிறவர்கள் உண்டு. நானும் முதலில் 'அதிலேயும் ஒரு பாயின்ட் இருக்குமோ' என்றுதான் படிக்க ஆரம்பித்தேன். ஆனால், பிரியும்போது அந்த மாநிலங்களே காரணம் எழுதி வெளியிட்டிருக்கின்றன. மிசிசிப்பியின் அறிக்கை ஆரம்பத்திலேயே அடிமை முறையோடுதான் எங்கள் நிலை பின்னிப் பிணைந்திருக்கிறது என்று போட்டு உடைக்கிறது. தெற்கு கரோலினாவின் புகாரோ இன்னும் வேடிக்கை. வடக்கு மாநிலங்கள் தங்கள் சொந்தச் சட்டங்களால் ஓடிப்போன அடிமைகளைப் பிடிக்க விடுவதில்லையாம். வடக்கு தன் மாநில உரிமையைப் பயன்படுத்தியதுதான் குற்றம்!

வக்கீல் மூளை

போர் தொடங்கியபோது லிங்கனின் இலக்கு நாட்டை ஒட்டவைப்பது மட்டும்தான். அதை விடுதலைப் போராக மாற்றியதில் முதல் பங்கு, ராபர்ட் மாதிரி தாங்களாகவே கிளம்பி வந்தவர்களுக்கு. 1861 மே மாசம், வர்ஜீனியாவில் மூணு அடிமைகள் ராத்திரியில் படகு வலித்து, வடக்குப் படையின் கையில் இருந்த மன்ரோ கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். சட்டப்படி திருப்பி அனுப்ப வேண்டும். அங்கே தளபதியாக இருந்த பெஞ்சமின் பட்லர் தொழிலில் வக்கீல். ஒப்படைக்கக் கேட்டு வந்த தெற்கு அதிகாரியை அவர் மடக்கினார். 'உங்கள் மாநிலம்தான் தனி நாடு என்கிறதே, வெளிநாட்டுக்காரருக்கு எங்கள் சட்டம் ஏன்? இவர்களை வைத்து நீங்கள் அரண் கட்டுகிறீர்கள், ஆகவே இவர்கள் போர்க்கால பறிமுதல் சொத்து. தர முடியாது.'

மனுஷனைச் 'சொத்து' என்ற அவர்களுடைய கணக்கை வைத்தே அவர்களுக்கு ஆப்பு! செய்தி பரவி, ஆயிரக்கணக்கில் மக்கள் வர ஆரம்பித்தார்கள். இன்னொரு விஷயம்: வர்ஜீனியாவுக்கு 1619-ல் முதன்முதலில் ஆப்பிரிக்கர்கள் கொண்டுவந்து இறக்கப்பட்ட அதே கடல்முனையில்தான் இந்தக் கோட்டை நிற்கிறது.

1862 ஆகஸ்டில் ராபர்ட் வாஷிங்டன் போனார். தெற்கு கரோலினா கடற்கரையில் 5,000 கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்கலாம் என்ற போர்த்துறை உத்தரவோடு திரும்பினார். 1863 ஜனவரி 1-ல் லிங்கனின் விடுதலைப் பிரகடனம். அது பிரிந்துபோன பகுதிகளுக்கு மட்டும்தான். வடக்கோடு நின்ற நாலு அடிமை மாநிலங்களைத் தொடவில்லை. ஆனால், ராணுவக் கதவு முழுசாகத் திறந்தது. போர் முடிவதற்குள் சுமார் 1,80,000 கறுப்பு வீரர்கள். சம்பளம்? வெள்ளை வீரருக்கு மாசம் 13 டாலர். கறுப்பு வீரருக்கு 10, அதிலும் உடுப்புக்கு 3 டாலர் பிடித்தம், கையில் 7. மாசசூசெட்ஸ் 54-வது படைப்பிரிவு 'சமமா கொடுத்தா கொடு, இல்லாட்டி வேணாம்' என்று மாசக்கணக்கில் சம்பளத்தையே வாங்காமல் சண்டை போட்டது. 1864-ல்தான் சமமாக்கினார்கள்.

நாலு வருஷப் போரில் செத்தவர்கள் 6,20,000 பேர் என்பது பழைய கணக்கு. 2011-ல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை வைத்துப் போட்ட கணக்கு ஏழரை லட்சம் என்றது. குண்டடி பட்டுச் செத்தவர்களைவிட வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு என்று முகாமில் செத்தவர்கள் அதிகம்.

1865 ஏப்ரல் 14. சம்டர் கோட்டையில் மறுபடியும் பழைய கொடி ஏற்றுகிற விழா. பிளான்ட்டர் கப்பலில் ஆள்களை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார் ராபர்ட், இந்தத் தடவை நிஜமான கேப்டனாக. அன்று ராத்திரி வாஷிங்டனில் ஒரு தியேட்டரில் லிங்கனைச் சுட்டார்கள்.

ஜெயிச்சாச்சு... அப்புறம்?

நம்ம பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் 'லிங்கன் அடிமை முறையை ஒழித்தார்' என்று இங்கேயே மணி அடித்துவிடும். உண்மையில், கதையின் கஷ்டமான பாதி இங்கேதான் ஆரம்பம். 40 லட்சம் பேர். கையில் காசு இல்லை, நிலம் இல்லை. தெற்கு கரோலினாவில் அடிமைக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பது 1834-லிருந்தே குற்றம் என்பதால் படிப்பும் இல்லை.

விடுதலையானதும் பலர் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? தேடியது. விற்கப்பட்ட அம்மாவை, தங்கையை, பிள்ளையைத் தேடிப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார்கள். பெயர், கடைசியாகப் பார்த்த ஊர், விற்ற முதலாளியின் பெயர். இந்த மாதிரி விளம்பரங்கள் போருக்குப் பிறகு பல பத்து வருஷங்கள் வந்துகொண்டே இருந்தன.

அடுத்தது நிலம். 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன், தெற்கு கரோலினா, ஜார்ஜியா கடலோர நிலங்களைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டார். சுமார் 40,000 பேர் குடியேறி விதைத்தும்விட்டார்கள். லிங்கனுக்கு அடுத்து வந்த ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன், பழைய முதலாளிகளுக்கு மன்னிப்புக் கொடுத்து, நிலத்தையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். எடிஸ்டோ தீவில் ஒரு தேவாலயத்தில் மக்களைக் கூட்டி இந்தச் செய்தியைச் சொல்ல வேண்டிய பொறுப்பு, ஒரு கையைப் போரில் இழந்த தளபதி ஹோவர்டுக்கு. கூட்டத்தில் எழுந்த கேள்வி ரொம்ப சிம்பிள்: அரசாங்கத்துக்கு எதிராகச் சண்டை போட்டவர்களுக்கு நிலம், விசுவாசமாக இருந்த எங்களுக்கு ஒன்றும் இல்லையா? ஹோவர்டிடம் பதில் இல்லை.

இதோடு ஒப்பிட இன்னொரு கணக்கு. வாஷிங்டன் நகரில் 1862-ல் அடிமைகளை விடுவித்தபோது அரசாங்கம் நஷ்ட ஈடு கொடுத்தது. தலைக்கு 300 டாலர் வரை. யாருக்கு? முதலாளிகளுக்கு!

ராபர்ட் கதை தப்பித்தது, அவர் கையில் பத்திரம் இருந்ததால். அவர் பிறந்தது பியூஃபர்ட் என்ற ஊரில், பிரின்ஸ் தெருவில் ஒரு பெரிய வீட்டின் பின்புறக் குடிலில். போரில் ஓடிப்போன சொந்தக்காரர்கள் வரி கட்டாததால் அந்த வீடு ஏலத்துக்கு வந்தது. கப்பலுக்குக் கிடைத்த பரிசுப் பணம் இருந்ததால், எந்த வீட்டின் பின்னால் அடிமையாகப் பிறந்தாரோ அந்த வீட்டையே வாங்கினார். பிறகு பழைய தரப்பு கேஸ் போட, சுப்ரீம் கோர்ட் வரை போய் 1878-ல் ஜெயித்தார்.

எழுதப் படிக்கவும் அவர் இருபது வயசுக்கு மேல்தான் கற்றுக்கொண்டார். 1868-ல் தெற்கு கரோலினாவுக்குப் புது அரசியல் சட்டம் எழுத உட்கார்ந்த சபையில் ராபர்ட்டும் ஒருவர். எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று வலியுறுத்தியதில் அவர் முன்னணியில் இருந்தார். வெள்ளைக்கார ஏழைப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். பிறகு மாநில சபை, 1875-ல் அமெரிக்க நாடாளுமன்றம். அந்தக் காலகட்டத்தில் தெற்கில் சுமார் 2,000 கறுப்பினத்தவர் பதவிகளில் இருந்தார்கள். தெற்கின் ஜனாதிபதியாக இருந்த ஜெஃபர்சன் டேவிஸின் மிசிசிப்பியிலிருந்து 1870-ல் செனட்டுக்குப் போனவர் ஹைரம் ரெவல்ஸ், ஒரு கறுப்பினத்தவர்!

கடல் தாண்டியும் இதை நம்பிக்கையோடு பார்த்தவர்கள் இருந்தார்கள். புனேயில் ஜோதிராவ் பூலே 1873-ல் வெளியிட்ட 'குலாம்கிரி' நூலை, அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். சாதிக் கொடுமையை எதிர்த்து எழுதிய நூல் அது. வருத்தம் என்னவென்றால், அதே 1873 ஏப்ரலில்தான் லூசியானாவின் கோல்ஃபாக்ஸ் ஊரில், தேர்தல் தகராறில் சரணடைந்த கறுப்பினத்தவரைக் கொத்தாகச் சுட்டுத் தள்ளியிருந்தார்கள்.

முகமூடியும் சட்டமும்

13-வது திருத்தம் (1865) அடிமை முறையை ஒழித்தது, 14-வது (1868) குடியுரிமை கொடுத்தது, 15-வது (1870) இனத்தைக் காட்டி ஓட்டுரிமையை மறுக்கக் கூடாது என்றது. பேப்பரில் எல்லாம் பக்கா. ஆனால், 13-வது திருத்தத்தில் ஒரு சின்ன ஓட்டை: குற்றத்துக்குத் தண்டனையாக என்றால் கட்டாய வேலை வாங்கலாம். மிசிசிப்பி 1865-லேயே, ஜனவரி மாசம் கையில் வேலைக்கான அத்தாட்சி இல்லாத கறுப்பினத்தவரை 'வெட்டியாகத் திரிபவர்' என்று பிடித்து அபராதம் போட்டது. கட்ட முடியாதா? கட்டுகிற முதலாளியிடம் வேலைக்குப் போ!

1866-ல் வளர ஆரம்பித்த கூ க்ளக்ஸ் கிளான் முகமூடி போட்டுக்கொண்டு வீடு புகுந்து அடித்தது. பத்து வருஷம் கழித்து முகமூடிகூடத் தேவைப்படவில்லை. 1876 ஜூலையில் தெற்கு கரோலினாவின் ஹாம்பர்க் ஊரில், பிடிபட்ட கறுப்பு வீரர்களை நிறுத்திவைத்துச் சுட்டது ஒரு கும்பல். அந்த வருஷ ஜனாதிபதி தேர்தல் இழுபறியாகி, 185-க்கு 184 என்று ஹேஸ் ஜெயித்ததாக முடிவானது. 1877-ல் தெற்கின் அரசாங்கங்களுக்குக் காவலாக நின்ற படைகள் விலகின. வடக்குக்கும் அலுப்பு வந்துவிட்டது, பொருளாதார மந்தம் வேறு.

'மறுசீரமைப்பு தோற்றுப் போச்சு' என்று சிலர் எழுதுவதைப் படிக்கும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. தானாக எங்கே தோற்றது? அடித்துத் தோற்கடித்தார்கள்.

ராபர்ட் மீது 1877-ல் லஞ்ச வழக்கு. தண்டனையும் கிடைத்தது. 1879-ல் ஆளுநர் மன்னித்தார், சும்மா இல்லை: எதிர்க்கட்சியினர் மீதிருந்த தேர்தல் மோசடி வழக்குகளைக் கைவிடுகிற டீல் அது. அதற்குப் பிறகும் மனுஷன் அசராமல் நாடாளுமன்றத்துக்குத் திரும்பவும் ஜெயித்துப் போனார்.

கடைசி ரவுண்டு 1895. தெற்கு கரோலினாவுக்கு மறுபடியும் புது அரசியல் சட்டம். இந்த முறை கறுப்பு உறுப்பினர்கள் ஆறே பேர், அதில் ராபர்ட்டும் ஒருவர். எதிரே பென் டில்மன், ஹாம்பர்க் கொலைக் கும்பலில் இருந்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவர். புது விதி என்ன? ஓட்டுப் போட வேண்டுமானால் வரி கட்டியிருக்க வேண்டும், அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியை வாசித்துக் காட்ட வேண்டும், இல்லையென்றால் 300 டாலர் சொத்து இருக்க வேண்டும். பாஸா, ஃபெயிலா என்று சொல்வது வெள்ளைக்கார அதிகாரி. இனம் என்ற வார்த்தையே விதியில் கிடையாது. 1787 டெக்னிக்! படிக்கச் சொல்லிக்கொடுத்தால் குற்றம் என்று சட்டம் போட்ட அதே மாநிலம், அறுபது வருஷம் கழித்து, படிக்கத் தெரியவில்லையா, ஓட்டு இல்லை என்றது.

ராபர்ட் விடவில்லை. கறுப்பின-வெள்ளையின திருமணத்துக்குத் தடை என்ற விவாதம் வந்தபோது எழுந்து ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: கறுப்பினப் பெண்ணோடு வாழும் வெள்ளைக்காரர் யாரும் அரசுப் பதவி வகிக்கக் கூடாது, அந்தக் குழந்தைக்கு அப்பாவின் பெயரும் சொத்தும் உண்டு! சபை ஆடிப்போனது. அவருடைய அப்பாவே ஒரு வெள்ளைக்காரர் என்று பரவலாக நம்பப்பட்டது. திருத்தம் தோற்றது. கடைசியில் அந்தப் புதுச் சட்டத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

பக்கத்து மாநிலங்களிலும் இதே ரூட்தான். லூசியானாவில் 1896-ல் 1,30,334 கறுப்பின வாக்காளர்கள். 1904-ல் 1,342. பூஜ்ஜியம் எதையும் நான் விட்டுவிடவில்லை.

1915 பிப்ரவரியில், 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' என்ற மௌனப் படம் ரிலீஸானது. கூ க்ளக்ஸ் கிளான்தான் அதில் ஹீரோ. தெற்கு கரோலினா சட்டசபையின் கறுப்பு உறுப்பினர்கள் ஷூவைக் கழற்றிவிட்டு மேஜைமேல் கால் போட்டு, குடித்துக்கொண்டு இருப்பதாக ஒரு காட்சி. ராபர்ட் உட்கார்ந்து பேசிய அதே சட்டசபை! 18-ம் தேதி அந்தப் படத்தை வெள்ளை மாளிகையில் போட்டுப் பார்த்தார்கள். 23-ம் தேதி, பிரின்ஸ் தெரு வீட்டில் ராபர்ட் ஸ்மால்ஸ் இறந்துபோனார்.

ஓட்டுரிமைக்குப் பல் உள்ள சட்டம் வர 1965 வரை ஆனது. தெற்கு கரோலினாவிலிருந்து 1897-ல் வெளியேறிய கறுப்பின எம்.பி-க்கு அடுத்த ஆள், ஜிம் கிளைபர்ன், 1993-ல்தான் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். இடையில் 96 வருஷம். பியூஃபர்ட்டில் மறுசீரமைப்புக் காலத்துக்கென்று தேசிய நினைவிடம் 2017-ல் அறிவிக்கப்பட்டது. 2023 மார்ச்சில் அமெரிக்கக் கடற்படை தன்னுடைய ஏவுகணைக் கப்பல் ஒன்றுக்கு 'ராபர்ட் ஸ்மால்ஸ்' என்று பெயர் மாற்றியது. அதன் பழைய பெயர் சான்ஸலர்ஸ்வில். 1863-ல் தெற்குப் படை ஜெயித்த ஒரு சண்டை அது.